பிளாக்அவுட் ராத்திரியில் கட்டம் போட்ட மாமா

மும்பை மாட்டுங்காவிலிருந்து:

1971 டிசம்பர், பாகிஸ்தானோடு போர். எனக்கு ஒன்பது வயது. சைரன் கேட்டால் பில்டிங் முழுக்க விளக்கு அணைந்துவிடும். ஜன்னல் கண்ணாடியில் அப்பா கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். எதிர் வீட்டு மாமா ஒரு மில்லில் துணிக்கு டிசைன் போடுபவர். பல்பைச் சுற்றி டால்டா டப்பாவை மாட்டி, மேஜைமேல் ஒரு சாண் வெளிச்சம் மட்டும் விழும்படி வைத்திருப்பார். கிராஃப் தாளில் பூவும் மாங்காயுமாக நிரப்புகிற மனிதர், சண்டை நடந்த அந்த இரண்டு வாரமும் வெறும் கட்டங்களாகவே போட்டுத் தள்ளினார். கறுப்பு, செங்கல் நிறம், நடுவில் ஒரே ஒரு மஞ்சள்.

"ஏன் மாமா பூ போடல?" என்றேன்.

"பூவுக்குக் கை வளையணும்டா. இப்ப நேர்க்கோடுதான் வருது. கோட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் கை நடுங்கல."

அவர் தம்பி அப்போது ராணுவத்தில் இருந்தார்.

ரொம்ப வருஷம் கழித்து ஓவியர் பால் க்ளேயைப் பற்றிப் படித்தபோது மாமா ஞாபகம்தான் வந்தது. முதல் உலகப் போரின் நடுவில், 1916 மார்ச்சில், க்ளேயை ஜெர்மன் படையில் சேர்த்தார்கள். சில நாள் முன்புதான் அவர் நண்பரும் ஓவியருமான ஃப்ரான்ஸ் மார்க் வெர்டன் போர்முனையில் இறந்திருந்தார். க்ளேவுக்குக் கிடைத்த வேலை விமானங்களுக்கு பெயின்ட் அடிப்பது. விமானத் துணியையே வெட்டி அதிலும் படம் வரைந்தார். 1918-ல் ஒரு கவிதையை எழுத்து எழுத்தாகப் பிரித்து, வண்ணக் கட்டங்களுக்குள் உட்காரவைத்தார். அந்தப் படத்தை என்னால் சட்டென்று தாண்டிப் போக முடிவதில்லை.

செம்பூரிலிருந்து பதில்:

அண்ணா, படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் பயம்தான் கட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாரிஸில் இருந்த டச்சு ஓவியர் மொந்த்ரியான் 1914-ல் தன் அப்பாவைப் பார்க்க ஹாலந்து போனார், போர் மூண்டது, பாரிஸ் திரும்ப 1919 ஆகிவிட்டது. இடையில், 1915-ல், கடலைக் குறுக்கும் நெடுக்குமான சிறு கோடுகளாக்கினார். ஆனால் அந்தக் கோடுகளை அவர் போருக்கு முன்பே தேட ஆரம்பித்துவிட்டார். போர் அவரை அதற்குள் இன்னும் நெருக்கித் தள்ளியிருக்கலாம்.

சரி, என் அனுபவம். 2025 மே 8 இரவு, பாகிஸ்தானோடு மோதல் நடந்தபோது, ஜம்முவில் விளக்கெல்லாம் அணைத்திருந்தார்கள். என் தங்கை அங்கே. போன் கிடைக்கவில்லை. மாவை எடுத்து ஹால் தரையில் புள்ளி வைத்தேன். 15 புள்ளி, 15 வரிசை. அழித்து மறுபடி வைத்தேன். இழை இழுக்க மட்டும் கை வரவில்லை. விடியற்காலை அவள் கூப்பிட்டு, "தூங்கலையாக்கா?" என்றாள். புள்ளிகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் பேசினேன்.