ஆப்டிபிளெக்ஸ் 7050 சிறிய பெட்டிக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு பொருந்தும்?

கேள்வி – கணிதப்பலகை

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் டெல் ஆப்டிபிளெக்ஸ் 7050 எஸ்எஃப்எஃப் (சிறிய பெட்டி) வகைக் கணினி உள்ளது. ஐ5-7500 பிராசசர், 16 ஜிபி ரேம், 180 வாட் பவர் சப்ளை. மாணவர்களுக்கான கணிதப் பாடங்களை ஓபிஎஸ் மூலம் 1080பி தரத்தில் பதிவு செய்து, டாவின்சி ரிசால்வில் தொகுக்கிறேன். அவ்வப்போது பிளெண்டரில் முப்பரிமாண வடிவங்களையும் உருவாக்குகிறேன். பிராசசரிலேயே உள்ள கிராஃபிக்ஸ் இந்த வேலைகளுக்குத் திணறுகிறது. கடையில் ஜிடி 1030 போதும் என்கிறார்கள். நண்பர் ஆர்எக்ஸ் 6400 வாங்கச் சொல்கிறார். பவர் சப்ளையை மாற்றாமல் எதைப் பொருத்தலாம்?

பதில் – மின்சுற்று

இத்தகைய பெட்டிகளில் வேகத்தைப் பார்ப்பதற்கு முன் உயரத்தையும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். வழக்கமான கார்டின் பிராக்கெட் (பெட்டியோடு இணைக்கும் உலோகத் தகடு) ஏறத்தாழ 12 செ.மீ. உயரம் இருக்கும், உங்கள் பெட்டியில் ஏறத்தாழ 8 செ.மீ. உயரமுள்ள லோ புரொஃபைல் பிராக்கெட் மட்டுமே உட்காரும். உங்கள் பவர் சப்ளையில் கார்டுக்கெனத் தனி மின்இணைப்பு கிடையாது. ஆகவே, கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட் தரக்கூடிய 75 வாட்டுக்குள் இயங்கும் கார்டுதான் உங்களுக்கு உகந்தது.

அந்த 75 வாட்டையும் முழுமையாகப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிராசசருக்கு 65 வாட், கார்டுக்கு 75 வாட் என்று வைத்தாலே 140 ஆகிவிடுகிறது. மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், விசிறி, யுஎஸ்பி சாதனங்கள் ஆகியவற்றையும் சேர்த்தால், மணிக்கணக்கில் ரெண்டர் (இறுதிக் காட்சியைக் கணக்கிட்டு உருவாக்கும் வேலை) ஓடும்போது 180 வாட் பவர் சப்ளைக்கு மூச்சுவிட இடமிருக்காது. ஜிடிஎக்ஸ் 1650 லோ புரொஃபைல் கார்டு நல்லதுதான் என்றாலும், அது 75 வாட் எடுப்பதோடு இரண்டு ஸ்லாட் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். என்விடியா டி1000 (T1000) கார்டிலும் அதே 896 கோர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்) உள்ளன; ஆனால் 50 வாட், ஒற்றை ஸ்லாட். என் தேர்வு அதுவே. விலை இடித்தால், 640 கோர்களும் 4 ஜிபி மெமரியும் கொண்ட 40 வாட் டி600 (T600) கார்டைப் பாருங்கள்.

பதில் – திரைத்தொகுப்பு

மேலே சொன்னதை ஏற்கிறேன். உங்கள் வேலையை முன்னிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜிடி 1030, ஆர்எக்ஸ் 6400 ஆகிய இரண்டிலும் வீடியோ என்கோடர் (பதிவாகும் காட்சியைச் சுருக்கிக் கோப்பாக்கும் பகுதி) கிடையாது. அதாவது, ஓபிஎஸ் பதிவு செய்யும்போது அந்தக் கார்டுகள் கைகொடுக்காது. பிராசசரோ, அதிலுள்ள இன்டெல் குவிக் சிங்க் வசதியோதான் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். டி600, டி1000 இரண்டிலும் என்கோடர் உண்டு.

ஆர்எக்ஸ் 6400 குறித்து மற்றொரு தயக்கமும் எனக்கு உண்டு. அது பிசிஐஇ (கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் தடம்) 4.0 தலைமுறைக்கென நான்கு லேன்களுடன் (தரவுப் பாதைகளுடன்) மட்டும் வடிவமைக்கப்பட்டது. உங்கள் மதர்போர்டு 3.0 என்பதால் தரவு செல்லும் வேகம் பாதியாகிவிடும். இன்டெல் ஆர்க் ஏ310 கார்டையும் யாரேனும் பரிந்துரைக்கலாம். அதற்கு ரீசைஸபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே சமயத்தில் அணுகுவது) வசதி வேண்டும் என்பதாலும், 10ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை இன்டெல் அதற்குப் பரிந்துரைக்கவில்லை என்பதாலும் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஜிடி 1030 வாங்கவே வேண்டாம். 2 ஜிபி மெமரி ரிசால்வுக்குப் போதாது. அதோடு, அதே பெயரில் டிடிஆர்4 மெமரியுடன் விற்கப்படும் வகையில் மெமரி வேகம், ஜிடிடிஆர்5 வகையில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

மறுகேள்வி – கணிதப்பலகை

மிக்க நன்றி. டி1000 வாங்குவதென முடிவு செய்துவிட்டேன். புதியதன் விலை கட்டுப்படியாகாததால், பயன்படுத்திய கார்டு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். என் மானிட்டரில் எச்டிஎம்ஐ மட்டுமே உள்ளது. வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில் – மின்சுற்று

டி1000 கார்டில் மினி டிஸ்பிளேபோர்ட்கள் மட்டுமே இருக்கும். ஆகவே எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய பிராக்கெட் உடன் வருகிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பெரிய பெட்டியிலிருந்து கழற்றிய கார்டுகளில் பெரும்பாலும் நீளமான பிராக்கெட்தான் மாட்டியிருக்கும். சிறியதைத் தனியாகத் தேடிப் பிடிப்பது சிரமம். கார்டைக் கணினியில் மாட்டி ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, 896 கோர்களும் சரியான மெமரி அளவும் காட்டுகின்றனவா என்று சரிபாருங்கள். பழைய சிப்பில் வேறு பெயர் எழுதி விற்கப்படும் போலிக் கார்டுகளை அந்த மென்பொருள் பல நேரங்களில் அடையாளம் காட்டிவிடும். அதன் பிறகு அரை மணி நேரமாவது பிளெண்டரில் ஒரு ரெண்டரை ஓடவிட்டு, வெப்பநிலையையும் விசிறிச் சத்தத்தையும் கவனித்துவிட்டு வாங்குங்கள்.