சிஎஸ்வியில் 12,400 பேர், டேபிளில் 11,036 பேர். மீதி எங்கே போனார்கள்?

இரவுப்பணி:
வணக்கம். எங்கள் வாடிக்கையாளர் விவரம் முழுவதும் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வாடிக்கையாளர் நிர்வாகச் சேவையில் இருக்கிறது. அதை எங்கள் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் 8-க்குக் கொண்டுவந்தால் பில் டேபிளோடு நேரடியாக ஜாயின் போட்டு (ஐடியை வைத்து இரண்டையும் இணைத்து), யார் எவ்வளவு பாக்கி என்று உடனே பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். புரோகிராம் எழுத ஆள் இல்லாததால் என்எய்ட்என்-இல் (நோடு எனும் கட்டங்களைக் கோத்து வேலையைத் தானாக நடத்தும் கருவி) ஒரு வொர்க்ஃப்ளோ. முதல் லோடுக்கு ஒரு ரிப்போர்ட்டை சிஎஸ்வியாக இறக்கி, ஐடி காலத்தை (ஐடி இருக்கும் நெடுவரிசையை) பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளமாக வைத்து, 'இன்சர்ட் ஆர் அப்டேட்' (இல்லாவிட்டால் சேர், இருந்தால் மாற்று) கொடுத்தேன். எல்லா நோடும் பச்சை, பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை, ஆனால் 1,364 பேரைக் காணோம். டேபிளைக் காலி செய்துவிட்டு மூன்று தடவை ஓட்டினேன், மூன்று தடவையும் அதே 11,036. இன்னொன்று: எக்செலில் ஐடி காலத்தில் டூப்ளிகேட்டை நீக்கினால் அங்கேயும் 11,036தான் மிஞ்சுகிறது! ஆனால் அது ஒன்று என்று சொல்லும் இருவரை எடுத்துப் பார்த்தால் பெயர், ஃபோன், கம்பெனி எல்லாமே வேறு. இரண்டு நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

நீலவானம்:
பேட்ச் சைஸை (ஒரு தடவையில் அனுப்பும் வரிகளின் எண்ணிக்கையை) குறைத்துப் பாருங்கள். ஒரே மூச்சில் அனுப்பினால் சில வரிகள் நடுவில் விழுந்துவிடும்.

தரவுத்தச்சன்:
பேட்ச் காரணமாக இருக்காது. விழுந்திருந்தால் எக்செலில் அதே எண் எப்படி வரும்? அந்த இருவரின் ஐடியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒன்று பெரிய எழுத்து க்யூவில் (Q) முடியும், மற்றது சின்ன எழுத்து க்யூவில் (q) முடியும், அல்லது நடுவில் எங்காவது அப்படி ஓர் எழுத்து மாறியிருக்கும்.

ரிப்போர்ட்டிலிருந்து இறங்கும் ஐடி 15 எழுத்து. அதில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. மைஎஸ்க்யூஎல் 8-இன் டிஃபால்ட் கொலேஷனுக்கு (எழுத்துகளை ஒப்பிடும் விதிக்கு) இரண்டும் ஒன்றுதான், எக்செலுக்கும் அப்படியே. ஆகவே இரண்டாவது ஆள் வரும்போது 'இவர் ஏற்கெனவே இருக்கிறார்' என்று முதல் ஆளின் மேல் எழுதிவிடுகிறது. அப்டேட் என்று நாமே சொல்லியிருப்பதால் பிழையும் வராது. ஐடிகள் வரிசையாகப் போவதால், ஒரே நாளில் மொத்தமாக ஏற்றப்பட்ட ஆட்களிடம்தான் இந்த மோதல் அதிகம் இருக்கும், சரிபாருங்கள்.

ரிப்போர்ட்டை இறக்காமல் ஏபிஐ வழியாக (புரோகிராம்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழி) எடுத்தால் 18 எழுத்து ஐடி வரும். கடைசி 3 எழுத்தின் வேலையே, முந்தைய 15-ஐ ஐந்து ஐந்தாகப் பிரித்து எது எது பெரிய எழுத்து என்று குறித்து வைப்பதுதான். அதனால் அது எந்தக் கொலேஷனிலும் மோதாது. சிஎஸ்விதான் வேண்டும் என்றால் 'கேஸ்சேஃப்ஐடி' ஃபார்முலாவில் ஒரு ஃபீல்டு செய்து ரிப்போர்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் ஐடி காலத்துக்கு மட்டும், பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகப் பார்க்கும் பைனரி கொலேஷன் வையுங்கள். ஆனால் ஒன்று, கொலேஷனை மட்டும் மாற்றி 15 எழுத்தை அப்படியே விட்டுவிட்டு, நாளை இரவு ஓட்டத்தை ஏபிஐக்கு மாற்றினால் ஒவ்வொரு வாடிக்கையாளரும் இரண்டு முறை உட்கார்ந்திருப்பார்.

இரவுப்பணி:
அப்படியே இருந்தது! ஒரு ஜோடியில் கடைசி எழுத்து, இன்னொரு ஜோடியில் கடைசிக்கு முந்தையது. சேல்ஸ்ஃபோர்ஸ் நோடு வழியாகவே 18 எழுத்தோடு முழுவதும் மறுபடி ஏற்றினேன், இப்போது 12,400. மிக்க நன்றி.

பழையகணக்கு:
சந்தோஷம். தினசரி ஓட்டத்தை எழுதும் முன் இதையும் பார்த்துவிடுங்கள், நான் இதில் ரொம்பப் பட்டிருக்கிறேன். சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு வரி கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லும் ஃபீல்டுகள் இரண்டு உண்டு. மாறிய வரிகளை மட்டும் எடுக்க 'சிஸ்டம்மாட்ஸ்டாம்ப்' பயன்படுத்துங்கள், 'லாஸ்ட்மாடிஃபைட்டேட்' வேண்டாம். பின்னணியில் தானாக நடக்கும் மாற்றங்கள் முதலாவதில் பதிவாகும், இரண்டாவதில் பதிவாகாமல் போகலாம். அடுத்த ஓட்டம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு உங்கள் சர்வர் கடிகாரத்தை எடுக்காதீர்கள், வந்த வரிகளிலேயே கடைசி நேரம் எதுவோ அதைச் சேமியுங்கள்.

அப்புறம், அழிக்கப்பட்டவை. சாதாரண குவெரியில் (தரவு கேட்கும் கட்டளையில்) அவை வரவே வராது, உங்கள் டேபிளில் மட்டும் உயிரோடு இருந்துகொண்டே இருக்கும். 'குவெரிஆல்' போட்டால் ரீசைக்கிள் பின்னில் இருப்பவையும் வரும், ஆனால் அங்கே 15 நாள்தான் இருக்கும். இரண்டு கான்டாக்ட்டை ஒன்றாக மெர்ஜ் செய்தாலும் ஒன்று அழிந்ததாகத்தான் வரும். அந்த வரியின் 'மாஸ்டர்ரெக்கார்ட்ஐடி'யில் யாரோடு சேர்ந்தது என்று இருக்கும். அதைப் பிடிக்காவிட்டால் பழைய ஐடியில் இருக்கும் பில் எல்லாம் அநாதையாக நிற்கும். ஆமாம், உங்கள் பில் டேபிளில் எந்த ஐடி இருக்கிறது?

இரவுப்பணி:
இப்போதுதான் திறந்து பார்த்தேன். அங்கேயும் 15 எழுத்துதான், ரிப்போர்ட்டிலிருந்து காப்பி செய்து போட்டிருக்கிறார்கள். 18-இன் முதல் 15 எழுத்தை எடுத்து பைனரியாக ஒப்பிட்டுப் பொருத்தி, 18 எழுத்துக்குப் புதிய காலம் ஒன்று சேர்க்கிறேன். பொருந்தாமல் நிற்கும் பில்களைத் தனி டேபிளில் போட்டுவிட்டு, மெர்ஜ் ஆனவையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.