கேப் டவுனில் மருத்துவம்: ஒரு பாடம் சறுக்கிவிட்டது, வழி சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில்தான் மருத்துவம் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சென்ற ஆண்டு கணக்கில் 86, உயிரியலில் 88. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த பாடத்தில் மட்டும் 69. அந்த மதிப்பெண் அறிக்கையை மூன்று நாள் அரிசி டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்!

ஆறு பாடங்களுக்கு 600, பல்கலைக்கழகம் சேர எழுதும் என்.பி.டி. என்ற பொதுத் தேர்வுக்கு 300, ஆக 900க்குத்தான் அங்கே கணக்கு. பள்ளியில் படிக்கும் லைஃப் ஓரியன்டேஷன் (வாழ்க்கைத் திறன்) பாடம் இதில் சேராது. அதில்தான் இவளுக்கு 94; யாரிடம் போய் அழுவது? பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்பதால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

உங்கள் பிள்ளைகள் யாராவது இப்படிச் சறுக்கியும் இடம் பிடித்திருக்கிறார்களா? ஜூன் தேர்வு மதிப்பெண்ணை அனுப்பினால் ஏற்றுக்கொள்கிறார்களா? என்.பி.டி. கணக்குத் தாளுக்கு எப்படித் தயாரானார்கள்? அதில் கால்குலேட்டர் கிடையாது; இவளோ ஏழெட்டு ஐம்பத்தாறுக்கே அதைத் தேடுகிறாள்.

டர்பனிலேயே குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கிறோம். அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அனுபவப்பட்ட அக்காமார், அண்ணன்மார் சொல்லுங்கள்.