ஒரே ஸ்பிட்ஃபயர், ரெண்டு விலை ஏன்?

கேள்வி: எடுவார்ட் கம்பெனியோட 1/48 அளவு ஸ்பிட்ஃபயர் மார்க் 9 போர் விமான மாடல் கிட். அதுல புரொஃபிபேக்னு ஒரு பெட்டி, வீக்எண்ட்னு ஒரு பெட்டி. புரொஃபிபேக்கை விட வீக்எண்ட் நல்ல மலிவா இருக்கு. பிளாஸ்டிக்கே வேறயா?

பதில் 1: பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கிற அச்சு ஒண்ணுதாங்க. புரொஃபிபேக்ல கலர் அடிச்ச உலோகத் தகட்டுல சீட் பெல்ட், டயல் பலகை, கண்ணாடியில பெயிண்ட் படாம ஒட்டுறதுக்கு வெட்டி வெச்ச மாஸ்க், கூடுதல் டீகால் (விமானத்து மேல ஒட்டுற சின்னங்கள்) வரும். வீக்எண்ட்ல காக்பிட் கண்ணாடிக்கு டேப்பை நீங்களே வெட்டணும். கை பழகியிருந்தா அதுவே போதும்.

பதில் 2: கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறுறது அச்சால. எஃகு அச்சு செய்யவே பெரிய செலவு. ஆனா பாகங்கள் கச்சிதமா உட்காரும். கொஞ்ச எண்ணிக்கையில மட்டும் வார்க்கிற ஷார்ட் ரன் கிட்ல பொருத்துற முளையே இருக்காது. இறக்கை உடம்போட சேர்ற இடத்துல இடைவெளி விழும். புட்டி வெச்சு, காஞ்சதும் 400 நம்பர், அப்புறம் 800 நம்பர் உப்புத்தாள்ல தேய்க்கணும்.

பதில் 3: பெட்டி புதுசுன்னா அச்சும் புதுசுன்னு இல்ல. மாடல் கிட் விவரம் தர்ற ஸ்கேல்மேட்ஸ் வெப்சைட்ல அச்சு வந்த வருஷத்தைப் பாருங்க. தேய்ஞ்ச அச்சுல ஓரமெல்லாம் பிசிறு.