நம்பிக்கை இல்லாத பேரன் ஆச்சிக்குக் கொள்ளி வைக்கலாமா?

பொருநைக்காரன் (கேள்வி)

என் தந்தை திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாயின் குடும்பத்தார் சில தலைமுறைகளாகத் தென்னிந்தியத் திருச்சபையினர். மதம் மாறுவதற்கு இருவருமே உடன்படாததால், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொண்டார்கள். பிள்ளைகள் தாயின் வழியில் வளர்வது என்று அப்போதே பேசி முடித்திருந்தபடி, எனக்குக் கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் தரப்பட்டது. ஓய்வுநாள் பள்ளி, சபையின் முழு உறுப்பினனாக்கும் திடப்படுத்தல் என்று எல்லாம் ஒழுங்காக நடந்தன. கல்லூரிக் காலத்தில், எவரோடும் சண்டையில்லாமல், அந்த நம்பிக்கை என்னிடமிருந்து கழன்று போயிற்று. அதன் இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவில்லை.

தொண்ணூறைத் தாண்டிய என் ஆச்சி இப்போது படுக்கையில் இருக்கிறார். நினைவு தெளிவாக இருக்கிறது. தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். இளைய மகனான என் தந்தை உயிரோடு இல்லாததால், அவர் இடத்தில் நான்தான் நிற்க வேண்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அம்மாவோ, துஷ்டி (சாவு) வீட்டில் இருந்து எல்லா உதவியும் செய், ஆனால் திடப்படுத்தல் பெற்ற நீ கொள்ளியைத் தொடக்கூடாது என்கிறார். இருவரும் நான் ஏதோ ஒன்றை நம்புகிறேன் என்று எண்ணிக்கொண்டே வாதிடுகிறார்கள். நம்பாத ஒருவன் சடங்கின் நடுவில் நிற்பது நடிப்பாகாதா என்பதே என் கேள்வி. எட்டு வயது மகளை எந்தச் சமயத்திலும் சேர்க்காமல் வளர்க்கிறோம். நான் செய்வதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதும் மனத்தில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி, எங்கள் தெருவில் பல துஷ்டிகளை முன்னின்று நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். சடங்கு என்று ஒரே சொல்லால் குறிப்பிடுகிறீர்கள்; அதற்குள் பல வேலைகள் இருக்கின்றன. நீர்மாலைக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வருவது, உடலைக் குளிப்பாட்டுவது, கோடி போடுவது, பாடைக்குத் தோள் கொடுப்பது ஆகியவை இறந்தவரின் உடலுக்குச் செய்யும் பணிகள். அவற்றைச் செய்பவன் எதை நம்புகிறான் என்று எங்கள் ஊரில் எவரும் கேட்டதில்லை. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பதையும் இந்த வரிசையிலேயே வைப்பேன். சுண்ணம் இடித்து ஓதுவார் திருவாசகம் பாடும்போது உடனிருப்பதும், பதினாறாம் நாளில் பிண்டம் வைத்துப் படைப்பதும் சமயம் சார்ந்தவை. கொள்ளி இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

உங்கள் தயக்கத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கொள்ளி வைப்பது அந்த ஒரு மாலையோடு முடிவதில்லை. தலையை மழித்துக்கொள்வது, மறுநாள் மயானத்தில் எலும்பு பொறுக்கும் காடாத்து, பதினாறாம் நாள் கருமாதி, அதன் பிறகு ஆண்டுதோறும் வரும் திதி ஆகிய எல்லாம், பெரும்பாலான குடும்பங்களில், கொள்ளி வைத்தவன் தலையிலேயே வந்து விழும். மயானத்தில் ஊரார் பார்வைக்காக அதைச் செய்துவிட்டு, பதினாறாம் நாளில் மனம் ஒப்பாமல் நழுவினால், அதுதான் ஆச்சிக்குச் செய்யும் குறை. முழுவதையும் ஏற்க மனம் இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையேல் பெரியப்பாவே செய்யட்டும். இளைய மகன் இல்லாதபோது மூத்தவர் செய்வதில் குற்றம் ஏதும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். தம்பியின் பிள்ளை விலகிப்போய்விடக் கூடாதே என்ற கவலையால்தான் அவர் வற்புறுத்துகிறார் என்று நினைக்கிறேன். ஆச்சிக்கு நினைவு தெளிவாக இருக்கிறது என்கிறீர்களே, அவரிடம் யாராவது கேட்டீர்களா?

கறுப்புச்சட்டை

மேலே எழுதிய பெரியவரின் பொறுமையை மதிக்கிறேன். ஆனால் உடன்பட முடியவில்லை. இறப்புக்குப் பின் எந்தச் சமயச் சடங்கையும் செய்யுமாறு சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் மரணத்தைப் பதிவு செய்தால் போதும். நம்பாதவர்கள் ஒவ்வொருவரும் குடும்பத்துக்காக ஒரு முறை மட்டும் என்று வளைந்து கொடுத்ததால்தான், மகள் கொள்ளி வைக்கக்கூடாது, பெண்கள் மயானத்துக்கு வரக்கூடாது போன்ற வழக்கங்கள் இன்னும் நிற்கின்றன. ஆச்சிக்குப் பெண்மக்கள் இருக்கிறார்களா? அவர்களை ஏன் எவரும் கேட்கவில்லை? நீங்கள் ஒதுங்குவதாக இருந்தால், அந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு ஒதுங்குங்கள்.

மதுரை வாசகர்

நான் கத்தோலிக்கன். உங்கள் தாயாரின் தயக்கம் அவர் ஒருவருடையது அன்று. இந்த மண்ணிலேயே நெடுங்காலம் வாதிக்கப்பட்ட ஒன்று. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி, குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவை சமூக வழக்கங்களே என்று வாதிட்டார். 1623இல் ரோம் அதை ஏற்றது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இத்தகைய வழக்கங்கள் மீது கடுமையான கட்டுப்பாடுகளை உறுதி செய்தார். இங்கு வந்த மறைப்பணியாளர்கள் அவற்றைக் கடைப்பிடிப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. சீனத்தைக் குறித்து 1939இல் வெளியான ரோமின் ஆணைதான், இறந்தவரின் உடலுக்கோ படத்துக்கோ முன்னால் தலை வணங்குவது குடிமை மரியாதையே என்று தெளிவாகச் சொன்னது. இந்தியாவுக்கான உறுதிமொழி 1940இல் நீக்கப்பட்டது. ஒரு குனிவு வணக்கமா, வழிபாடா என்று முடிவு செய்யப் படித்த குருக்களுக்கே இவ்வளவு காலம் பிடித்திருக்கும்போது, உங்கள் அம்மா ஒரே வாரத்தில் தெளிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தென்னிந்தியத் திருச்சபை ரோமின் ஆணைக்குக் கட்டுப்பட்டதன்று. ஆகவே அவரிடம் இந்த ஆண்டுகளைச் சொல்லிப் பயனில்லை. அவர் மதிக்கும் வேதத்திலிருந்து பேசுங்கள். 2 இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தில், குஷ்டரோகம் நீங்கிக் குணமடைந்த சீரியப் படைத்தலைவன் நாகமான், தன் எஜமானுக்குக் கைகொடுத்து ரிம்மோன் என்ற வேற்றுத் தெய்வத்தின் கோவிலுக்குள் போய்ப் பணிய வேண்டியிருக்குமே, அதைக் கர்த்தர் மன்னிப்பாரா என்று தீர்க்கதரிசி எலிசாவிடம் கேட்கிறான். எலிசா அவனைக் கடிந்துகொள்ளாமல் ‘சமாதானத்தோடே போ’ என்கிறார். இது கொள்ளி வைக்க அனுமதி ஆகாது என்று அம்மா சொல்லக்கூடும்; அதற்கும் இடம் கொடுங்கள்.

பொருநைக்காரன்

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி ஆச்சியிடமே கேட்டேன். கொள்ளி யார் வைத்தால் என்ன, எரியத்தான் போகிறேன் என்று சிரித்துவிட்டு, நீர்மாலைக்கு நான் வர வேண்டும் என்றும், என் அம்மாவைத் திண்ணையில் உட்கார வைக்காமல் உள்ளே தம் தலைமாட்டில் உட்கார வைக்க வேண்டும் என்றும் சொன்னார். என் தந்தை இறந்தபோது அம்மா வெளியிலேயே அமர்ந்திருந்ததை அவர் மறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திதி முதலான தொடர்கடமைகளை நான் ஏற்க மாட்டேன் என்பது உறுதி. ஆகவே கொள்ளியைப் பெரியப்பாவிடமே விட்டுவிடப் போகிறேன். அத்தை ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றிய பேச்சை எடுத்தபோது பெரியப்பா எழுந்து போய்விட்டார். பேச்சு அந்த இடத்திலேயே நிற்கிறது.

மேலப்பாளையத்து வாசகி

சகோதரருக்கு, நான் இஸ்லாமியக் குடும்பத்தில் வளர்ந்தவள். என் உம்மா இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். உம்மாவின் தாயார் இறந்தபோது போகலாமா என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. ஒரு யூதரின் ஜனாஸா (சவ ஊர்வலம்) கடந்து சென்றபோது நபிகள் எழுந்து நின்றதையும், அவரும் ஓர் ஆன்மா அல்லவா என்று கேட்டதையும் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பிலிருந்து எடுத்துக்காட்டி என் மாமா அதை முடித்து வைத்தார். போனோம், அருகிலிருந்தோம், தொழுகையோ படையலோ எங்கள் பங்கில் இல்லை. அதை அந்த வீட்டார் குறையாகப் பேசவில்லை.

உள்ளே விடமாட்டோம் என்று சொல்லும் இடங்களும் உண்டு. இந்துவை மணந்த பார்சிப் பெண்ணான கூல்ரோக் குப்தா, தம் பெற்றோரின் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளும் உரிமைக்காக வழக்காடி 2012இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில்தான், வல்சாடு பார்சி அறக்கட்டளை அவரை அனுமதிக்க ஒப்புக்கொண்டது. உங்கள் ஆச்சியோ மருமகளைத் தலைமாட்டுக்கே அழைக்கிறார். அதை அம்மாவிடம் இப்போதே, ஆச்சி சொன்ன சொற்களிலேயே சொல்லிவிடுங்கள். துஷ்டி நாளில் சொன்னால் ஒப்புக்குச் சொன்னதாகத் தோன்றும்.

மகளைப் பற்றி: அன்று காணப்போவதை முன்னதாகவே சொல்லி வையுங்கள். உடலைக் குளிப்பாட்டுவார்கள், பெண்கள் சத்தமாக அழுவார்கள், வாய்க்கரிசி போடச் சிறுவர்களையும் கூப்பிடுவார்கள், அவள் விரும்பாவிட்டால் போட வேண்டியதில்லை. அப்பா இதை நம்பவில்லை, ஆச்சிக்காக இவ்வளவு செய்கிறேன், இதற்கு மேல் செய்யவில்லை என்று நீங்கள் சொன்னால், எட்டு வயதில் அது புரியும். அழும் கூட்டத்தில் அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவரை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் நீர்மாலைக்குப் போயிருப்பீர்கள்.