இருமினால் கசியும் சலத்துக்கு ஒப்பரேஷன்: செய்தவர்களும் செய்யாதவர்களும்

வெள்ளவத்தையிலிருந்து:
எனக்கு மூன்றும் சுகப்பிரசவம். நாற்பது தாண்டியதும் தும்மினால் சலம் (சிறுநீர்) கசியும், 100ஆம் இலக்க பஸ்ஸின் படியில் காலைத் தூக்கி வைத்தாலும் கசியும். "வயது போனால் எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று மாமி சொல்லியே வருஷங்கள் ஓடின. கடைசியில் வீஓஜியிடம் (மகப்பேற்று, பெண்நோய் டொக்டரிடம்) போனேன். சலப்பை நிறைந்திருக்கும்போது நிற்க வைத்து இருமச் சொன்னார். கசிந்தது. ஆனால் ஒப்பரேஷன் பேச்சையே எடுக்கவில்லை. முதலில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, குறைந்தது மூன்று மாதம், பிசியோவின் மேற்பார்வையில். அரைவாசி குறைந்தது, மிச்சம் போகவில்லை.

அப்புறம்தான் ஒப்பரேஷன் வழிகளைச் சொன்னார். ஒன்று, சலவழியின் நடுப்பகுதிக்குக் கீழே செயற்கை இழைப் பட்டியை (மெஷ்) ஏணை கட்டுவது போலப் போடுவது. 1990களில் சுவீடனில் தொடங்கியது, வெட்டு சின்னது. மற்றது, வயிற்றுச் சுவரிலிருந்து நம்முடைய சவ்விலேயே ஒரு கீற்றை எடுத்து சலவழிக்குக் கீழே, சலப்பையின் கழுத்துப் பக்கமாக வைப்பது.

இங்கிலாந்தில் 2018இல் அந்த மெஷ் பட்டியை நிறுத்தி வைத்ததை லண்டனில் இருக்கும் மகள் சொல்லியிருந்தாள். கேட்டேன். டொக்டர் ஒளிக்கவில்லை. பெரும்பாலானோருக்குச் சரிவரும், சிலருக்கு மெஷ் யோனிச் சுவரை அரித்து வெளியே தெரியும், தீராத வலியும் வரலாம், பிறகு முழுதாக எடுப்பது லேசில்லை என்றார். நான் என் சவ்வையே கேட்டேன். சிசேரியன் வெட்டுப் போடும் இடத்தில்தான் வெட்டு, வலியும் கூடத்தான். கதீட்டரைக் (சலம் வடியப் போடும் குழாயை) கழற்றினால் சலம் போக மாட்டேன் என்றது! போன பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் என்று மிஸ்ஸி (நேர்ஸ்) ஒவ்வொரு முறையும் ஸ்கேனில் பார்த்தார். கொஞ்ச நாள் கதீட்டரோடுதான் வீட்டில் இருந்தேன். இப்போது தாராளமாகத் தும்மலாம். சலம் மட்டும் மெதுவாக, முன்னுக்குச் சாய்ந்து இருந்தால்தான் போகும். எனக்கு அது சம்மதம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
என் கதை வேறு. கதவில் சாவி போடும்போதே அவசரம் வந்து, உள்ளே ஓட முதல் போய்விடும். ஒப்பரேஷன் கேட்டுத்தான் போனேன். சலப்பையின் அழுத்தத்தை அளக்கும் சோதனையில், அது தானாகச் சுருங்குகிறது என்று தெரிந்தது. பட்டி போட்டால் இது கூடவும் செய்யலாம் என்று டொக்டர் மறுத்துவிட்டார். மாத்திரை தந்தார், வாய் காய்கிறது. தேத்தண்ணியைக் குறைப்பதுதான் பெரிய பாடு.

தெஹிவளையிலிருந்து:
அம்மாவுக்கு மெஷ் பட்டிதான். அடுத்த நாளே வீடு, இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஆறு கிழமை பாரம் தூக்க வேண்டாம் என்றதால் தண்ணீர் வாளியை ஒளித்து வைத்தோம். அக்கா, எனக்கும் கசிகிறது, இன்னொரு பிள்ளைக்கும் ஆசை. இப்போதே செய்யலாமா?

வெள்ளவத்தையிலிருந்து:
பிள்ளைப்பேறு முடியட்டும் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள், தங்கச்சி. அடுத்த கர்ப்பத்தோடு கசிவு திரும்ப வரலாம். இப்போதைக்குப் பயிற்சி செய்யுங்கள். ஆனால் சலம் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திச் செய்யாதீர்கள், பிசியோ அதற்கு என்னை நன்றாக ஏசினார்.