உடன்முடி: பைசாந்தியத்தின் இரண்டாம் பேரரசருக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

பைசாந்தியத்தின், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், பேரரசர்கள் பட்டியலைத் தமிழில் எழுதும்போது ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது என்று போன வாரம் எழுதியிருந்தேன். அங்கே ஒரு பேரரசர் உயிரோடு இருக்கும்போதே இன்னொருவருக்கும் முடிசூட்டி, அவரையும் பேரரசர் என்றே அழைத்தார்கள். கிரேக்கத்தில் அவர் சிம்வசிலெவ்ஸ். தமிழில் என்ன சொல்வது? உங்களிடமிருந்து வந்தவை நான்கு: இளவரசர், துணைப் பேரரசர், இணைவேந்தர், கூட்டுப் பேரரசர். மடல் அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. நான்கையும் நான் ஏற்கவில்லை. கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள்.

> இளவரசர் என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

இளவரசர் என்றால் நாளைக்கு அரசராகப் போகிறவர். இவரோ இன்றைக்கே பேரரசர். கான்ஸ்டான்டிநோபிள் 330இல் தலைநகரானதிலிருந்து 1453இல் விழும்வரை, அப்பாவுக்குப் பின் மூத்த மகன் என்று எழுதிவைத்த வாரிசுச் சட்டம் எதுவும் அங்கே கிடையாது. படையும் செனட்டும் நகர மக்களும் வாழ்த்தொலி எழுப்பி ஏற்றுக்கொண்டவர் பேரரசர். தலைநகரின் தலைமை ஆயரான மூத்த பிதா கையால் முடிசூட்டுவதும் பிறகு வழக்கமானது. அப்படியிருக்க, தன் மகன் தனக்குப் பின் வரவேண்டும் என்று நினைத்த பேரரசருக்கு ஒரே வழிதான் இருந்தது: தான் கண்மூடும் முன்பே மகனுக்கு முடிசூட்டிவிடுவது. அப்போது அப்பா இறந்தாலும் அரியணை காலியாவதில்லை. உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவர் எழுந்து போகிறார், அவ்வளவுதான்.

அதோடு, இந்த இரண்டாமவர் மகனாகவே இருக்கவேண்டும் என்பதும் இல்லை, இளையவராக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ரோமானோஸ் லெக்கபெனோஸ் ஒரு கடற்படைத் தளபதி. சிறுவன் பேரரசனான ஏழாம் கான்ஸ்டன்டைனுக்கு 919இல் தன் மகளைக் கட்டிக்கொடுத்தார். மறு ஆண்டு டிசம்பரில் மருமகனோடு சேர்ந்து தானும் முடிசூடிக்கொண்டார். அப்புறம் தன் மூன்று மகன்களுக்கும் சூட்டினார். ஒரே நேரத்தில் ஐந்து பேரரசர்கள்! பிறப்பால் உரிமை உள்ள கான்ஸ்டன்டைன், மாமனாருக்கு மட்டுமல்லாமல் அவருடைய மூத்த மகனுக்கும் பின்னால் தள்ளப்பட்டார். இதில் யாரை இளவரசர் என்பது? மாமனாரையா?

> துணைப் பேரரசர் எளிமை. துணைவேந்தர் போல.

அந்தத் துணைவேந்தர்தான் சிக்கல். பல்கலைக்கழகத்தை நடத்துபவர் துணைவேந்தர், பெயருக்கு மேலே இருப்பவர் வேந்தர். கல்வித்துறை அமைச்சர் இணைவேந்தர். இரண்டு சொல்லையும் பட்டமளிப்பு விழா அழைப்பிதழ்கள் நமக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. பைசாந்தியப் பேரரசரை இணைவேந்தர் என்று எழுதினால் படிப்பவர் மனதில் மேடை, பொன்னாடை, கருப்பு அங்கி எல்லாம் வந்து நிற்கும். பொருளும் ஒட்டவில்லை. துணை என்றால் கீழே இருப்பவர், இணை என்றால் சமமானவர். இவர் இரண்டும் இல்லை. பட்டத்தில் சமம், அதிகாரத்தில் பெரும்பாலும் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்துக்கு எட்டாம் கான்ஸ்டன்டைனைவிட நல்ல சான்று கிடையாது. குழந்தையாக 962இல் முடிசூட்டப்பட்டார். அண்ணன் இரண்டாம் பசிலுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சூட்டியிருந்தார்கள். அப்பா 963இல் இறந்ததும் தளபதி நிக்கெபோரோஸ் ஃபோக்காஸ் பையன்களின் தாயை மணந்து பெரிய பேரரசர் ஆனார். அவரை 969இல் கொன்று ஜான் சிமிஸ்கெஸ் வந்தார். பையன்கள் இருவரும் பேரரசர்களாகவே இருந்தார்கள், யாரும் முடியைப் பிடுங்கவில்லை. சிமிஸ்கெஸ் 976இல் இறந்த பிறகு பசில் ஆண்டார். தம்பி அப்போதும் கூடவே இருந்தார். பசில் 1025இல் இறந்தபோது தம்பி முடிசூடி 63 ஆண்டுகள் ஆகியிருந்தன. தனியாக ஆண்டது மூன்றே ஆண்டுகள்.

கூட்டுப் பேரரசர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கூட்டணி ஆட்சி வாசனை அடிக்கிறது. எனக்குப் புடலங்காய்க் கூட்டும் நினைவுக்கு வருகிறது.

சரி, என் முன்மொழிவு: உடன்முடி. ஆளைச் சொல்லும்போது உடன்முடி அரசர். செயலாக, உடன்முடி சூட்டினார். கிரேக்கச் சொல்லின் முன்னொட்டுக்கும் ‘கூட, உடன்’ என்பதுதான் பொருள். உடன்பிறந்தார் என்னும்போது யார் பெரியவர், யார் சமம் என்று நாம் கேட்பதில்லை, சேர்ந்து பிறந்ததை மட்டும் சொல்கிறோம். அதே அடக்கம் இங்கேயும் வேண்டும். மேலே இருப்பவர் முதன்முடி. ஒருவரே ஆண்டால் தனிமுடி. முடியாட்சி என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் உடன்முடியாட்சி தானாகக் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. பைசாந்தியத்தில் ஒரு பேரரசரை இறக்கவேண்டும் என்றால், உயிரை எடுக்காமல் செய்யும் வழிகளில் ஒன்று தலைமுடியை மழித்துத் துறவியாக்குவது. முடி போனால் முடி போயிற்று! இப்படி ஒரு சிலேடை கிரேக்கத்துக்குக்கூடக் கிடைக்கவில்லை. லெக்கபெனோஸுக்கு 944 டிசம்பரில் இதுதான் நடந்தது. உடன்முடி சூட்டிய மகன்களே அவரைப் பிடித்து புரோட்டே தீவு மடத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதமே நகரம் கான்ஸ்டன்டைன் பக்கம் திரும்பிவிட, மகன்களும் அதே தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். தகப்பனார் அவர்களைக் கிண்டலாக வரவேற்றார் என்று கிரெமோனா ஆயர் லியுத்பிராண்ட் எழுதிவைத்திருக்கிறார்.

உடன்முடி ஆபத்தில்லாத ஏற்பாடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மூன்றாம் மைக்கேல் தன் நண்பர் முதலாம் பசிலுக்கு 866 மே மாதம் உடன்முடி சூட்டினார். மறு ஆண்டு செப்டம்பரில் பசில் தரப்பினர் மைக்கேலைக் கொன்றார்கள். மாசிடோனியர் மரபு இப்படித்தான் தொடங்கியது. சில சமயம் கத்தி எதிர்ப்பக்கமும் திரும்பும். நான்காம் கான்ஸ்டன்டைனுக்கு இரண்டு தம்பிகள், இருவரும் உடன்முடி அரசர்கள். 681 வாக்கில் படைவீரர்கள் சிலர் திரண்டு வந்து, கடவுள் மூவொருவர், ஆகவே எங்களுக்கும் மூன்று பேரரசர்கள் வேண்டும் என்றார்கள். பேரரசர் அவர்களின் தலைவர்களைத் தூக்கிலிட்டு, தம்பிகளின் மூக்கை அறுத்தார். உடலில் ஊனம் இருந்தால் ஆளத் தகுதியில்லை என்பது அங்கே நம்பிக்கை.

நம் பக்கம் இப்படி ஒரு வழக்கம் இருந்ததா என்று ஒருவர் கேட்டிருந்தார். இருந்தது. முதலாம் இராசேந்திரன் 1012இல் தந்தையோடு ஆட்சியில் சேர்ந்தார். அவர் மகன் இராசாதிராசன் 1018இலேயே சேர்ந்துவிட்டார். தந்தை 1044இல் இறந்தும்கூட, இராசாதிராசன் தன் ஆட்சியாண்டை 1018இலிருந்துதான் எண்ணுகிறார். பாடப்புத்தகங்கள் இதை இளவரசுப் பட்டம் என்கின்றன. 26 ஆண்டு அப்பாவோடு ஆண்டவருக்கு அது குறைவான சொல். உடன்முடி அங்கேயும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

> ‘ஊதாவில் பிறந்தவர்’ சரிதானா?

சரியில்லை, அக்கா. கத்தரிக்காய் கண்ணில் படுகிறது. நீங்கள் அப்படி மொழிபெயர்த்த போர்ஃபிரோஜெனெட்டோஸ் என்ற கிரேக்க அடைமொழி நிறத்தைவிட இடத்தைச் சொல்வது. அரண்மனையில் போர்ஃபிரா என்று ஓர் அறை இருந்தது. அங்கே பிறந்த பேரரசர் மகள் அன்னா கொம்னேனே எழுதுகிறார்: சதுர அறை, கூர்நுனிக் கூரை, கடலைப் பார்த்தபடி இருக்கும், மணல் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி விழுந்த செந்நீலக் கல். ஆளும் பேரரசருக்கு அங்கே பிறந்த குழந்தை என்பதற்குச் சட்டத்தில் இல்லாத மதிப்பு ஊரில் இருந்தது. எட்டாம் கான்ஸ்டன்டைனின் மகள், செம்மாடத்துப் பிறந்த சோயியை 1042இல் பேரரசர் ஐந்தாம் மைக்கேல் தீவுக்கு அனுப்பியதும் நகரமே தெருவுக்கு வந்தது. மைக்கேலின் கண்கள் போயின. சோயியும் தங்கை தியோடோராவும் சேர்ந்து அரியணையில் அமர்ந்தார்கள்.

பார்த்தீர்களா, சொல்லைப் போகிறபோக்கில் பயன்படுத்திவிட்டேன். செம்மாடத்துப் பிறந்த. முன்மாதிரி நம் கல்வெட்டிலேயே இருக்கிறது: சுந்தர சோழன் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’. நாம் இறந்த இடத்தால் அழைத்தோம், அவர்கள் பிறந்த இடத்தால். ஆண், பெண் இருவருக்கும் ஒரே அடைமொழி போதும்.

மறுமொழி வந்தபின் சேர்த்தது:

> உடன் முடி என்று இடம்விட்டு எழுதினால் ‘உடனே முடி’ என்று மேலாளர் மிரட்டுவதுபோல் இருக்கிறதே!

சிரித்துவிட்டேன். நியாயமான புகார்தான். ஆகவே எங்கேயும் சேர்த்தே எழுதவேண்டும், கட்டுரைக்குள் தனியாக நிறுத்தாமல் ‘உடன்முடி அரசர்’ என்றே முழுதாக வரவேண்டும். தலைப்புள்ள அட்டவணையில் குழப்பம் வராது என்பதால் அங்கே மட்டும் சுருக்கிக்கொள்கிறேன். எட்டாம் கான்ஸ்டன்டைன்: உடன்முடி 962–1025, தனிமுடி 1025–1028. அப்பா இரண்டாம் அந்திரோனிக்கோஸ் ஆண்டுகொண்டிருக்கும்போதே 1320இல் இறந்துபோன ஒன்பதாம் மைக்கேலுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள், அதனால் அவருக்கும் ஒரு வரிசை உண்டு. தனிமுடிக் கட்டத்தில் மட்டும் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.